சண்டை எங்கே நடக்கும், காசு யார் கொடுப்பார்

வணக்கம் நேயர்களே. 1974 அக்டோபர் 30, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் கின்ஷாசா நகரம். முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மேடை ஏறியபோது அங்கே விடிகாலை நாலு மணி. அந்த நேரத்துக்கு யாராவது குத்துச்சண்டை வைப்பார்களா? வைத்தார்கள், ஏனென்றால் நியூயார்க்கில் அப்போது முந்தைய இரவு பத்து மணி, அங்கே திரையரங்குகளில் நேரலையாகப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் பெரிய வசூல். ஆளுக்கு 50 லட்சம் டாலர் தருவதாகப் போட்டி அமைப்பாளர் டான் கிங் வாக்குக் கொடுத்துவிட்டார், கையில் அவ்வளவு பணம் இல்லை. தன் நாட்டின் பெயர் உலகமெங்கும் அடிபட வேண்டும் என்று அதிபர் மொபுட்டு பொறுப்பேற்றார், சண்டை அங்கே போய்விட்டது. 2024 மே மாதம் ஃப்யூரியும் உசிக்கும் சவுதி அரேபியாவின் ரியாத்தில் மோதியதும் இதே கணக்குதான், அதுவும் நள்ளிரவைத் தாண்டி.

லாஸ் வேகாஸ் கதை வேறு. 2015-இல் மேவெதரும் பாக்கியாவும் மோதியபோது அரங்கில் இருந்தவர்கள் 16,000 சொச்சம் பேர்தான், ஆனால் டிக்கெட் வசூல் 7 கோடி டாலரைத் தாண்டியது. பொதுமக்களுக்கு விற்றது சில நூறு டிக்கெட்டுகள் மட்டுமே. மற்றதெல்லாம் அரங்கின் சொந்தக்காரர்களான கேசினோ, போட்டி நடத்தியவர்கள், தொலைக்காட்சி நிறுவனங்கள் என்று பங்கு பிரிந்து போனது. கேசினோவுக்கு டிக்கெட்டிலேயே லாபம் வர வேண்டும் என்றில்லை. சண்டைக்காக ஊருக்கு வரும் பெரும் பணக்காரர்கள் அந்த வார இறுதியில் சூதாட்ட மேசையில் விடும் பணம் போதும். நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் வீரர்களுக்கும் அந்த ஊர் பிடிக்கும். எனக்கு இதில் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு: வருஷக்கணக்காக அந்த வீரர்களைப் பின்தொடர்ந்த சாதாரண ரசிகனுக்கு அங்கே நாற்காலி இல்லை. அவன் வீட்டிலிருந்து சுமார் 100 டாலர் கட்டிப் பார்க்க வேண்டியதுதான், அப்படிக் கட்டிய இணைப்புகளே ஏறக்குறைய 46 லட்சம்.

சரி, அரசாங்கமும் இல்லை, கேசினோவும் இல்லை, ஒரு சிற்றூர் மட்டும் ஆசைப்பட்டால்? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஷெல்பி என்று ஓர் ஊர். பக்கத்தில் எண்ணெய் கிடைத்த உற்சாகத்தில், 1923 ஜூலை 4 அன்று உலகச் சாம்பியன் டெம்ப்சிக்கும் கிப்பன்ஸுக்கும் சண்டை நடத்தக் கிளம்பினார்கள். டெம்ப்சிக்கு 3 லட்சம் டாலர், மூன்று தவணையில். 40,000 பேர் உட்கார மர அரங்கம் கட்டினார்கள். இரண்டாவது தவணைக்கே ஊர்ப் பெரியவர்கள் கடனுக்கு அலைந்தார்கள், மூன்றாவது தவணையைப் புரட்டவே முடியவில்லை. சண்டை நடக்குமா நடக்காதா என்ற பேச்சு பரவியதும் வெளியூர்க்காரர்கள் ரயில் பயணத்தை ரத்து செய்தார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் 7,000 பேருக்குச் சற்று மேல். கிப்பன்ஸ் 15 சுற்றும் தாக்குப்பிடித்து நின்றார், அது அருமையான ஆட்டம். டெம்ப்சியின் மேலாளர் வாசல் வசூலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு சில நாட்களிலேயே, இந்தச் சண்டையில் பணம் போட்டவர்களின் வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின.