லேப்டாப் எழுந்துவிட்டது, மானிட்டர் எழவில்லை

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்த மேஜையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் லேப்டாப், ஸ்லீப்பில் போட்டிருக்கிறேன். வலது பக்கம் 27 இன்ச் மானிட்டர். கீழ் மூலையில் சின்னதாக ஓர் ஆரஞ்சு விளக்கு தெரிகிறதா? அதுவும் தூங்குகிறது. மணி இப்போது 2.40. இரண்டையும் தொடமாட்டேன். கதையைச் சொல்லி முடித்த பிறகு எழுப்பிப் பார்க்கலாம். நடுவில் காட்ட வேண்டியதை எல்லாம் நேற்றே பதிவு செய்து வைத்துவிட்டேன்.

கதை இதுதான். மூன்று மாதமாக, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கீபோர்டைத் தட்டினால் லேப்டாப் எழுந்துவிடும். மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் வரும். ஒரு நாளைக்கு ஒரு முறைதானே என்று நானும் பிடுங்கிச் செருகிக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஷம் வந்து விண்டோஸையே ரீசெட் செய்தேன். தமிழ் கீபோர்டிலிருந்து பிரிண்டர் வரை எல்லாவற்றையும் மறுபடி போட்டு முடிக்க ராத்திரி பதினொன்று ஆனது. திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், அதே ஆரஞ்சு விளக்கு.

மானிட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. திறந்துகூடப் பார்க்காமல், 'போர்டு போயிடுச்சு சார், 6,500 ஆகும்' என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு வழி காட்டியது மின்வெட்டுதான். எங்கள் வீட்டில் மானிட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. ஒரு நாள் மதியம் வழக்கம்போல் மானிட்டர் எழாமல் படுத்திருக்கிறது, நான் லேப்டாப் திரையிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறேன். கரண்ட் போனது, பத்து நிமிடத்தில் வந்தது. வந்ததும் மானிட்டர் தானாகவே பளிச்சென்று படத்தோடு எழுந்தது. போர்டு போயிருந்தால் எப்படி எழும்? அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தேன்.

கேபிளைச் செருகியதும் படம் ஓடி வருகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு முன்னால் இரண்டுக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. மானிட்டர் முதலில் கையைத் தூக்கி 'நான் இருக்கிறேன்' என்கிறது. இதற்கென்றே கேபிளில் தனியாக ஒரு கம்பி உண்டு, ஹாட் பிளக் டிடெக்ட் என்பார்கள். ஹெச்டிஎம்ஐயில் அது 19ஆம் பின், டிஸ்ப்ளேபோர்ட்டில் 18. கை தூக்கியதும் லேப்டாப் அதன் ஆதார் அட்டையைக் கேட்கும்: என்ன மாடல், என்ன ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை தடவை படம் மாறும். இதற்கு இடிஐடி என்று பெயர், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். டிஸ்ப்ளேபோர்ட்டாக இருந்தால் இன்னொரு படியும் உண்டு, லிங்க் டிரெய்னிங். எந்த வேகத்தில் அனுப்பினால் டேட்டா பிசகாமல் போகிறது என்று இருவரும் சோதித்துப் பார்த்து ஒத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் படம். தூங்கி எழும்போதும் இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும், அதில் யாராவது ஒருவர் தாமதித்தால் திரை கறுப்புதான்.

அதனால் மானிட்டர் கறுப்பாக இருக்கும்போதே, எதையும் பிடுங்காமல், யார் தூங்குகிறார் என்று கண்டுபிடியுங்கள். மானிட்டரின் மெனு பட்டனை அழுத்திப் பாருங்கள். எதற்குமே அசையவில்லை என்றால் அதன் உள்ளே இருக்கும் மென்பொருள் உறைந்து போயிருக்கிறது. சுவிட்சை அணைத்து, பவர் கேபிளையும் உருவி, ஒரு நிமிடம் விட்டுச் செருகினால் போதும். மெனு வந்தால் அது முழித்துத்தான் இருக்கிறது. பிறகு லேப்டாப்பில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய்ப் பாருங்கள். இரண்டாவது திரை அங்கே இருந்தும் மானிட்டர் கறுப்பு என்றால், லேப்டாப் படம் அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது திரையே பட்டியலில் இல்லை என்றால், மானிட்டர் தூக்கிய கை லேப்டாப் கண்ணில் படவில்லை.

என்னுடையது இந்தக் கடைசி ரகம். மெனு வருகிறது, பட்டியலில் இல்லை.

லேப்டாப் பக்கம்தான் கோளாறு என்று தோன்றினால் ஒரு ஷார்ட்கட் இருக்கிறது: விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், அதோடு B. நான்கையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பீப் சத்தம் கேட்கும், திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும். திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது, திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. எனக்கு இது நாலு தடவையில் ஒரு தடவைதான் பலித்தது.

சரி, இப்போது முக்கியமான சோதனை. லேப்டாப்பைத் தூங்கவே விடாதீர்கள். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வைத்துவிட்டு, திரை அணைவதை மட்டும் ஒரு நிமிடம் என்று வையுங்கள். திரை அணைந்ததும் மவுஸை அசைத்தேன், எழுந்தது. பத்துத் தடவை செய்தேன், பத்துத் தடவையும் எழுந்தது. சோர்ந்து போய், அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். அரை மணி கழித்து வந்து மவுஸை அசைத்தால் எழவில்லை. லேப்டாப் இத்தனை நேரமும் தூங்கவே இல்லை, கவனியுங்கள். டீ குடித்துவிட்டு வந்தால் எழுவதும், சாப்பிட்டுவிட்டு வந்தால் எழாததும் ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆனதும் மானிட்டர் இன்னும் ஆழமான தூக்கத்துக்குப் போகிறது, அங்கே போனதும் தூக்கிய கையையும் கீழே போட்டுவிடுகிறது.

மானிட்டரின் மெனுவுக்குள் போய்த் தேடினேன். டீப் ஸ்லீப் என்றே ஓர் ஆப்ஷன் இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், பவர் சேவிங், டிபி ஸ்லீப் என்றெல்லாம் இருக்கலாம். இதை ஏன் வைக்கிறார்கள் என்றால், ஸ்டாண்ட்பையில், அதாவது சும்மா காத்திருக்கும்போது, அதிகம் கரண்ட் எடுக்கக் கூடாது என்பதற்காக. ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு, அலுவலகச் சாதனங்களுக்கு அரை வாட் அளவுக்கு வரம்பு இருக்கிறது. நல்ல நோக்கம்தான், ஆனால் என் மதியச் சாப்பாட்டோடு ஒத்துவரவில்லை. அணைத்தேன்.

அதோடு ஆட்டோ இன்புட் என்று ஒன்று இருந்தது, அதையும் அணைத்தேன். எந்தப் போர்ட்டில் படம் வருகிறது என்று மானிட்டரே தேடும் வசதி அது. மானிட்டர் கண் விழித்ததும் முதலில் ஹெச்டிஎம்ஐ ஒன்றைத் தட்டிப் பார்க்கிறது, பிறகு ஹெச்டிஎம்ஐ இரண்டு, கடைசியாகத்தான் டிஸ்ப்ளேபோர்ட். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு வந்து சேரும் உறவினர் மாதிரி, அது என் போர்ட்டுக்கு வரும்போது லேப்டாப் காத்திருந்து அலுத்துப் போயிருக்கும். இப்போது டிஸ்ப்ளேபோர்ட் என்று நானே நிலையாக வைத்துவிட்டேன்.

ஒன்பது நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. பத்தாவது நாள் மறுபடி கறுப்பு. அந்தக் கோபத்தை விடுங்கள். அந்தத் தடவை டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டர் இருந்தது, படம்தான் இல்லை. அதாவது இது வேறு கோளாறு. 75 ஹெர்ட்ஸை 60க்கு இறக்கியதும் படம் வந்துவிட்டது. அனுப்பும் டேட்டா குறைந்ததும் வருகிறதே என்று சந்தேகம் நேராகக் கேபிள் மேல் போனது. டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் போகும் மூன்று மீட்டர் கேபிள், விலை மலிவு என்று வாங்கியது. ஒன்றே முக்கால் மீட்டரில் நல்லதாக ஒன்று வாங்கி மாற்றினேன். 75க்கே திரும்பினேன், அதோடு நின்றது.

டாக்கிலிருந்தோ டெஸ்க்டாப்பிலிருந்தோ இரண்டு முனையும் டிஸ்ப்ளேபோர்ட்டாக உள்ள கேபிள் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 20ஆம் பின் 3.3 வோல்ட் பவர் பின். சாதாரணக் கேபிளில் அந்தக் கம்பியை இணைக்கவே கூடாது என்பது தரவிதி. சில மலிவுக் கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள், மானிட்டரின் மின்சாரம் கம்ப்யூட்டருக்குள் போய் விசித்திரமான தொல்லை எல்லாம் வரும். அமைப்பை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

என் கோளாறு இது இல்லையே என்றால் ஹைபர்னேட் செய்து பாருங்கள், அதாவது திறந்த வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு லேப்டாப் முழுதாக அணையும் முறை. ஹைபர்னேட்டிலிருந்து எழும்போது வந்து, ஸ்லீப்பிலிருந்து வரவில்லை என்றால் சந்தேகம் டிரைவர் பக்கம் போகும். டிவைஸ் மேனேஜரில் ரோல்பேக் கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம், அல்லது லேப்டாப் கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருப்பதையே போடலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து, எஸ்3 என்ற பழைய வகை ஸ்லீப்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. powercfg /a என்று கமாண்ட் பிராம்ப்ட்டில் அடித்தால் உங்கள் லேப்டாப்பில் எந்த ஸ்லீப் இருக்கிறது என்று காட்டும். எஸ்0 என்ற புது வகை மட்டும் இருந்தால் அந்த வேலையே வேண்டாம், தூங்கப் போன லேப்டாப்பும் எழாமல் போகலாம்.

மணி 3.25. முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. தட்டுகிறேன்.

லேப்டாப் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று... விளக்கு வெள்ளையாகிவிட்டது, நான்கு... ஆ, வந்துவிட்டது, பார்த்தீர்களா? ஜன்னல்கள்கூட இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விண்டோஸ் 11 டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டரைப் பொறுத்து ஜன்னல் இடத்தை நினைவில் வைக்கச் சொல்லும் டிக் ஒன்று உண்டு, அதை நான் போட்டு வைத்திருக்கிறேன். ஐயோ, பேங்க் ஸ்டேட்மெண்ட்டைத் திறந்தபடியே விட்டிருக்கிறேன். இருங்கள், கேமராவை முதலில் அணைக்கிறேன்.