வெள்ளைச் சட்டை, கருப்பு நேம் டேக், ரெண்டு வருஷம்

வணக்கம் நேயர்களே. இந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டப்போ "நீங்க இருக்கிற ஊர்ல மத்தவங்களோட நம்பிக்கையப் பத்தி ஏதாவது பேசுங்க"ன்னாங்க, எனக்கு யோசிக்கவே வேண்டி இருக்கல. நான் இருக்கிறது அமெரிக்காவுல யூட்டா மாநிலம், ஓரெம்னு ஒரு ஊரு, புரோவோவ ஒட்டி இருக்கும். இங்க எந்தத் தெருவ எடுத்தாலும் ஒரு வீட்டுப் புள்ளையாவது மிஷன் போயிருக்கும், இல்ல போயிட்டு வந்திருக்கும், இல்ல போறதுக்குப் பெட்டி கட்டிட்டு இருக்கும்.

மிஷன்னா என்னன்னு உங்களுக்கும் ஓரளவு தெரிஞ்சிருக்கும். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கருப்பு நேம் டேக், ரெண்டு ரெண்டு பேரா வந்து கதவத் தட்டுவாங்களே, அந்தப் பசங்க தங்க சபையப் பத்திச் சொல்ல வீட்ட விட்டுப் போறதுதான் மிஷன். மார்மன்னு சொல்லுவோம். சர்ச்சோட முழுப் பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, 2018ல இருந்து அந்த முழுப் பேரைத்தான் சொல்லணும்னு அவங்க தலைவர் கேட்டுக்கிட்டாரு, ஆனா ஊர்ல இன்னமும் மார்மன்னாத்தான் புரியுது, அதனால நானும் அப்படியே சொல்றேன். கதவத் தட்டுற பசங்கன்னா ஏதோ விக்க வந்தவங்கன்னு நெனச்சு சாத்திடுறோம். பக்கத்துல இருந்து பாத்தவ நான், எனக்குத் தோணுறது வேற. அந்த ரெண்டு வருஷத்துல அந்தப் பையன் ஊரை மாத்துறானோ இல்லையோ, ராவும் பகலும் அவன் உழைக்கிறது தன் மேலதான்.

எங்க பக்கத்து வீட்டுப் பையன் போனப்ப அவனுக்கு 18 முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பசங்க முன்னெல்லாம் 19லதான் போக முடியும், பொண்ணுங்க 21ல. 2012 அக்டோபர்ல பசங்களுக்கு 18, பொண்ணுங்களுக்கு 19ன்னு குறைச்சாங்க, உடனே 58 ஆயிரம் சொச்சமா இருந்த மிஷனரிங்க எண்ணிக்கை ரெண்டு வருஷத்துக்குள்ள 80 ஆயிரத்தத் தாண்டிடுச்சு. பசங்களுக்கு ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கு ஒன்றரை வருஷம். சம்பளம் கிடையாது, சம்பளம் இல்லைங்கறதோட நிக்கல, காசு இவங்கதான் கட்டணும். அமெரிக்காவுல இருந்து போறவங்களுக்கு மாசம் 400 டாலரா இருந்தது, 2020 ஜூலையில 500 ஆச்சு, டோக்கியோ போனாலும் அதே காசு, ஆப்பிரிக்காவுல ஒரு சின்ன ஊருக்குப் போனாலும் அதே காசு. அந்தப் பையன் ஸ்கூல் லீவுல எல்லாம் புல்லு வெட்டியும் கடையில பெட்டி அடுக்கியும் சேத்து வச்சது அதுக்குத்தான், மீதிய அப்பா அம்மா போட்டாங்க.

எங்க போறதுங்கறத அவன் முடிவு பண்ண முடியாது. உள்ளூர் சபைக்குத் தலைவரா இருக்கிற பிஷப்போட பேட்டி, அதுக்கு மேல பல உள்ளூர் சபைகளுக்குத் தலைவரான ஸ்டேக் பிரசிடென்ட்டோட பேட்டி, டாக்டர் சர்டிஃபிகேட், பல் டாக்டர் சர்டிஃபிகேட் எல்லாம் குடுத்து அனுப்பிட்டா எந்த ஊருன்னு சபைத் தலைமையில இருந்து வரும். வந்த அன்னைக்கு சொந்தக்காரங்க, சிநேகிதங்க எல்லாரும் கூடிடுவாங்க. எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. ஹால்ல பெரிய உலகப் படம் ஒட்டி ஆளாளுக்கு ஒரு சீட்டுல பேர எழுதி அவன் போவான்னு நெனைக்கிற நாட்டு மேல ஒட்டணும், என் பொண்ணு பிரேசில்ல ஒட்டுனா, எங்க வீட்டுக்காரர் ஜெர்மனி. பையன் லேப்டாப்பத் தெறந்து சத்தமா வாசிச்சான், பிலிப்பைன்ஸ், செபு மிஷன், செபுவானோ மொழியில ஊழியம்னு. எல்லாரும் கத்தி கை தட்டுறாங்க, அவங்க அம்மா மட்டும் எழுந்து போய் படத்துல செபு எங்க இருக்குன்னு விரல வச்சுத் தேடிட்டு இருந்தாங்க.

புரோவோவுல பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துலயே மிஷனரி டிரெய்னிங் சென்டர் இருக்கு. புது மொழின்னா ஆறுல இருந்து ஒம்போது வாரம், தெரிஞ்ச மொழின்னா ரெண்டு மூணு வாரத்துல அனுப்பிடுவாங்க. உள்ள போனதும் அவன் சொந்தப் பேரு போயிடும். குடும்பப் பேருக்கு முன்னாடி எல்டர், பொண்ணா இருந்தா சிஸ்டர், அவ்வளவுதான். சபரிமலைக்கு மாலை போட்டா வீட்டுல, ஆபீஸ்ல, டீக்கடையில எல்லாரும் சாமின்னுதான் கூப்பிடுவாங்க இல்லையா, போட்டவரும் அந்த ஒரு மண்டலம் வேற ஆளாத்தான் இருக்கப் பாப்பாரு, அதே மாதிரி ஒரு விரதம்தான் இது, ஆனா ரெண்டு வருஷம்.

காலைல ஆறரைக்கு எழுந்திரிக்கணும். அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளிச்சு சாப்பிட்டு, அப்புறம் தனியா ஒரு மணி நேரம் பைபிளும் மார்மன் புத்தகமும் படிக்கணும், அப்புறம் கம்பேனியனோட, அதாவது ஜோடியாப் போட்டிருக்கிற இன்னொரு மிஷனரியோட, சேந்து படிக்கணும், புது மொழின்னா அதுக்கும் நேரம் ஒதுக்கணும். வெளிய கெளம்பவே பத்து மணி ஆயிடும். ராத்திரி ஒம்போது, ஒம்போதரைக்குள்ள வீடு திரும்பி மறுநாளைக்குத் திட்டம் போட்டு பத்தரைக்கு லைட்ட அணைக்கணும். சினிமா இல்ல, காதல் இல்ல, தனியா எங்கயும் போகக் கூடாது. காபி, டீ, பீர், சிகரெட் கூடாதுங்கறது மிஷனுக்குன்னு மட்டும் இல்ல, சபைய ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் 1833ல ஆலோசனையாக் குடுத்தது பின்னாடி கட்டளையாச்சு, அந்த சபைக்காரங்க எல்லாருக்கும் வாழ்நாள் முழுக்க. எங்க தெருவுக்கு வர்ற எல்டர்ஸுக்கு நான் நீர்மோர் குடுப்பேன், குளிர்காலத்துல காபித்தூள் போடாத சுக்குமல்லி, அது அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்காரர் இல்லாத நேரம்னா உள்ள வர மாட்டாங்க, பொண்ணு மட்டும் தனியா இருக்கிற வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு விதி, எவ்வளவு பனி கொட்டுனாலும் வாசல்லயே நின்னு குடிச்சிட்டு டம்ளரக் கழுவித் தரவான்னு கேட்டுட்டுப் போவாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பெருசாப் படுறது கம்பேனியன் விஷயம்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அமைஞ்ச மொத கம்பேனியன் மிண்டனாவோ பக்கத்துல இருந்து வந்த பிலிப்பினோ பையன், அவன் வீட்டுல அவன் ஒருத்தன்தான் அந்த சபையில சேந்தவன், பாத்துட்டு இருந்த வேலைய விட்டுட்டு மிஷன் வந்திருக்கான், வீட்டுல பணம் அனுப்பற நிலைமை இல்லாததால சபையோட பொது நிதியில இருந்துதான் அவனுக்குச் செலவு. அவன் விடியக்காலை பக்கெட் தண்ணில குளிச்சிட்டு பாட்டுப் பாடுவானாம், இவனுக்கு அந்த நேரத்துல யாரும் பேசக் கூடாது. சாப்பாட்டுக்கு மூணு வேளையும் சோறு, இவன் சீரியல் சாப்பிட்டு வளந்தவன். ஒரே ரூம், ஒருத்தர் கண்ணுல இருந்து ஒருத்தர் மறையாம, பேச்சு காதுல விழுற தூரத்துலயே இருக்கணும், நெனச்சுப் பாருங்க, கல்யாணம் ஆன நாமளே அப்படி இருக்கிறதில்ல. வாரம் ஒரு தடவை ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து "நீ பண்றதுல எனக்கு இது கஷ்டமா இருக்கு, இது பிடிச்சிருக்கு"ன்னு முகத்தப் பாத்துச் சொல்லிக்கணும்னு ஒரு முறையே வச்சிருக்காங்க, முடிச்சதும் மண்டி போட்டு சேந்து ஜெபம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் பட்டியல் வரும், யாரு யாரோட, எந்த ஊருன்னு மிஷன் பிரசிடென்ட் முடிவு பண்ணுவாரு. இந்த ரெண்டு பேரும் பிரியற அன்னைக்கு பஸ் ஸ்டாண்ட்ல அழுதாங்களாம். இவன் பேசுற செபுவானோ முக்காவாசி அந்தப் பையன் வாயில இருந்து வந்ததுதான்.

வாரம் ஒரு நாள் லீவு மாதிரி, பெரும்பாலும் திங்கக்கிழமை. துணி துவைக்கணும், சட்டை தேய்க்கணும், காய் வாங்கணும், வீட்டோட பேசணும். முன்னாடி எல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் ஃபோன், மத்தபடி கடிதம், இமெயில். 2019 பிப்ரவரியில இருந்து வாரா வாரம் பேசலாம்னு மாத்துனாங்க, அது ரொம்ப நல்ல காரியம். செபுல திங்கக்கிழமை காலை விடியும்போது இங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அந்த நேரத்துல பக்கத்து வீட்டம்மா யாரு வந்தாலும் கதவத் தெறக்க மாட்டாங்க. மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்கு எல்லாத்தையும் சொல்லுவாங்க, இளைச்சிட்டான், கழுத்துல வேர்க்குரு, ஷூ அடி தேஞ்சு போச்சுன்னு.

சரி, போய் என்னதான் சொல்றாங்க? 1820ல நியூயார்க் மாநிலத்துல பால்மைரா பக்கத்துல 14 வயசுப் பையன் ஒருத்தன், எந்த சபை சரின்னு குழம்பிப் போய், யாக்கோபு நிருபத்துல ஞானம் குறைவா இருந்தா தேவன் கிட்ட கேளுன்னு படிச்சிட்டு, தோப்புக்குள்ள போய் மண்டி போட்டுக் கேட்டான், பிதாவும் குமாரனும் அவனுக்குத் தரிசனம் குடுத்தாங்க. அவன்தான் ஜோசப் ஸ்மித். அப்புறம் தேவதூதன் காட்டுன தங்கத் தகடுகள்ல இருந்து எழுதுனது மார்மன் புத்தகம், அது அச்சானதும் சபை ஆரம்பிச்சதும் 1830ல. இத ஏத்துக்கிறதும் ஏத்துக்காததும் அவங்கவங்க பாடு, நான் சைவக் குடும்பத்துல பொறந்தவ, அப்படியேதான் இருக்கேன். ஆனா அந்த மிஷனரி முடிக்கும்போது என்ன சொல்றான்னு கவனிங்க, நான் சொல்றத நம்புங்கன்னு சொல்றதில்ல, நீங்களே படிங்க, நீங்களே கடவுள் கிட்ட கேளுங்கங்கறான். அவங்க ஜெபம் பெரும்பாலும் மனப்பாடம் கிடையாது, ஒவ்வொரு தடவையும் சொந்த வார்த்தையில பேசணும். ஒரு நாளைக்கு இத்தனை தடவை சொந்த வார்த்தை தேடுறவனுக்கு, நெஜமாவே நான் இத நம்புறேனாங்கற கேள்வியில இருந்து ஒளிஞ்சுக்க இடமே இல்ல. வீட்டுல இருந்தவரைக்கும் அப்பா அம்மா நம்புனாங்க, ஊரு மொத்தமும் நம்புச்சு, இவனும் கூட இருந்தான். அங்க வாசல்ல நிக்கிறப்ப அவன் மட்டும்தான்.

கேள்வியும் சும்மா வராது. உங்க ஆளுங்க பல பொண்டாட்டி கட்டுனாங்களேன்னு கேப்பாங்க, கட்டுனாங்க, 1890லதான் அத நிறுத்துறோம்னு அறிக்கை விட்டாங்க. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரைக்கும் குருத்துவம் குடுக்கலயேன்னு கேப்பாங்க, அதுவும் உண்மை. 2013ல இருந்து சபையே இதப் பத்தி எல்லாம் கட்டுரை போட ஆரம்பிச்சிடுச்சு. இதுல ரெண்டாவதைப் பத்தி ஒரு பெரியவர் கேட்டப்போ தனக்கு அழுகையா வந்ததுன்னு பையன் அம்மா கிட்ட சொல்லியிருக்கான். "நான் நல்ல பதில் சொல்லலம்மா, அவர் சொன்னதக் கேட்டுக்கிட்டேன், மறுநாளும் போனேன்"னானாம். 19 வயசுப் பையன் மறுநாளும் போனது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாத் தெரியுது.

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில ஒரு இடம் இருக்கு. 1853ல கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்குனாங்க மூணு மார்மன் மிஷனரிங்க, அதுல ஒருத்தர் ரிச்சர்ட் பாலன்டைன், சால்ட் லேக் சிட்டியில மொதல் ஞாயிறு பள்ளி ஆரம்பிச்சவரு. பாலன்டைன் பொண்டாட்டி புள்ளைங்கள யூட்டாவுல விட்டுட்டு வந்தவரு, மூணு பேருமே கையில காசு இல்லாம, எப்ப திரும்புவோம்னு தெரியாம வந்தவங்க. அவங்க பேச்சக் கேட்டு சேந்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு, மறு வருஷம் பாலன்டைன் ஊருக்குக் கெளம்பிட்டாரு. எண்ணிக்கைய வச்சுப் பாத்தா தோல்விதான், இங்க யாரும் அப்படிச் சொல்ல நான் கேட்டதில்ல.

நான் இவ்வளவு நேரம் பேசுனது போய் முழுசா முடிக்கிறவங்களப் பத்தி. முடிக்காம வந்தவங்களப் பத்தியும் பேசியே ஆகணும், ஏன்னா எனக்கு மனசு ஆறாம இருக்கிறது அதுலதான். எங்க தெருக்கோடியில ஒரு பையன், மிஷன் போய் அஞ்சாவது மாசமே திரும்பி வந்துட்டான். பதட்ட நோய், தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு, டாக்டர் அனுப்பி வைங்கன்னுட்டாரு. போகும்போது ஏர்போர்ட்ல பலூனும் பேனருமா வழியனுப்புன தெரு, வரும்போது ராத்திரியோட ராத்திரியா அப்பா மட்டும் போய்க் கூட்டிட்டு வந்தாரு. யாரும் திட்டல, மொகம் சுளிக்கல, ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா "இப்ப எப்படி இருக்க"ங்கறதுக்கு மேல யாருக்கும் பேச்சு வரல. ஆம்பளப் பசங்கன்னா மிஷன் போறது கடமைன்னு சின்ன வயசுல இருந்து பாட்டாவே பாடி வளக்கிறாங்க, அப்படி வளத்துட்டு உடம்பு முடியாம வந்தவன வெறும் மௌனத்தால தண்டிக்கிறது அநியாயம், இத நான் அந்த சபையில இருக்கிற என் சிநேகிதிங்க கிட்டயே சொல்லியிருக்கேன், அவங்கள்ல பாதிப் பேரு எனக்கு முன்னாடியே சொல்லிட்டு இருக்காங்க.

அவன் ஆறேழு மாசம் வீட்டை விட்டு வெளிய வரல. அப்புறம் சர்வீஸ் மிஷன்னு ஒண்ணு இருக்கு, வீட்டுல இருந்துக்கிட்டே செய்யலாம், அதுல சேந்தான். அதே கருப்பு நேம் டேக் போட்டுக்கிட்டு, சபை நடத்துற உணவுக் கிடங்குல வேலை. இல்லாதப்பட்டவங்க பிஷப் கிட்ட சீட்டு வாங்கிட்டு வந்தா அவங்க கூடவே வண்டியத் தள்ளிட்டுப் போய் பாலு, மாவு, டின் சாமான் எல்லாம் எடுத்துக் குடுக்கணும். மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை சபையில எல்லாரும் ரெண்டு வேளை சாப்பாட்ட விட்டுட்டு அந்தக் காச காணிக்கையாப் போடுவாங்க, ஏழைங்களுக்குப் போறது அந்தக் காசுதான். போன மாசம் அவன வழியில பாத்தேன், ஒரு அம்மாவுக்கு ரெண்டு கொழந்தைங்க, எந்தக் கொழந்தைக்குப் பால் ஒத்துக்காதுங்கறத வரைக்கும் ஞாபகம் வச்சு சொல்லிட்டு இருந்தான். ஜெபம் எல்லாம் எப்படிப்பா போகுதுன்னு கேட்டேன். "ஆன்ட்டி, அங்க இருந்தப்ப என்னை சரி பண்ணுன்னு மட்டும்தான் கேப்பேன், இப்ப காலைல அன்னைக்கு வரப் போறவங்க பேர சொல்றேன், பதில் வருதான்னு பாக்க மறந்துடுறேன், வேலை இருக்கு"ன்னான்.

அவனுக்கு இன்னும் கொஞ்ச மாசம் பாக்கி இருக்கு, முடிச்சிட்டு நர்சிங் சேரப் போறான், ஃபார்ம் எல்லாம் போட்டாச்சாம். செபு போன பையன் அடுத்த மாசம் வர்றான், பக்கத்து வீட்டம்மா இப்பவே அவன் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிட்டு இருக்காங்க, ஏர்போர்ட்டுக்கு எங்களையும் வரச் சொல்லியிருக்காங்க, தெருக்கோடிப் பையனையும் நானே நேர்ல போய்க் கூப்பிட்டேன், வர்றேன்னுட்டான். கேட்டுக்கிட்டு இருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.