பீரோவுக்குள் இருக்கும் பியூராக்ரஸி

வணக்கம் மக்களே! வழக்கம் போல மொட்டை மாடி, வழக்கம் போல பின்னால் மலை. இன்று கையில் டீ டம்ளர் இல்லை, சார்ட் இருக்கிறது. இதற்காக நேற்று ஒரே நாளில் காட்பாடியிலிருந்து வேலூர் பழைய பஸ் நிலையத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன். அதனால் இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேச்சு.

சாயங்காலம் நம் தெருப் பிள்ளைகளுக்கு நான் இங்கிலீஷ் சொல்லித் தருவது உங்களுக்குத் தெரியும். இப்போது குரூப் ஃபோருக்குப் படிக்கும் இரண்டு பெண்களும் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்காக அரசாங்கம், நிர்வாகம், படிப்புத் துறைகள் எல்லாவற்றுக்குமான இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, பெரிய சார்ட்டாக அடிக்கக் கொடுத்தேன். கலர் பிரிண்ட், லேமினேஷன் எல்லாம் சேர்த்து 180 ரூபாய். வீட்டுக்கு வந்து விரித்தால், நான் 'எட்டிமாலஜி' என்று எழுதிய இடத்தில் 'எண்டமாலஜி'! பக்கத்தில் அர்த்தம் மட்டும் சரியாக 'சொற்பிறப்பியல்'. எண்டமாலஜி என்றால் பூச்சியியல் மக்களே. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இதைப் பார்த்து மனப்பாடம் செய்தால் என்ன ஆவது?

உடனே திரும்பிப் போனேன். "ஒரு எழுத்துதானே அக்கா" என்றார் கம்ப்யூட்டரில் இருந்த தம்பி. எனக்கு வந்ததே கோபம். எழுத்து இல்லை தம்பி, வார்த்தையே வேறு என்றேன். மறுபடி அடிக்க இன்னொரு 180 கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த தாளை எடுங்கள் என்று அங்கேயே நின்றேன். முக்கால் மணி நேரம். மேசை டிராயரில் தேடி, குப்பைக் கூடையில் தேடி, கடைசியில் ஸ்கேனர் மூடிக்கு அடியில் அந்தத் தாள் கிடைத்தது. ஓனர் பார்த்தார், என் எழுத்து தெளிவாகவே இருந்தது. லேமினேஷனுக்கு மட்டும் 40 ரூபாய் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். 140 ரூபாய் மிச்சம்! நேற்று ராத்திரி தூங்கும் வரைக்கும் எனக்கு அந்தச் சந்தோஷம்தான். ஆங், சொல்ல மறந்துவிட்டேன், போக வர பஸ் காசும் இல்லை, இரண்டு தடவையும் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ்தான்.

தப்பான சார்ட்டையும் நான் விடவில்லை, கேட்டு வாங்கி வந்தேன். எண்டமாலஜியில் இருக்கும் கிரேக்க வார்த்தைக்கு 'உள்ளே வெட்டுப்பட்டது' என்று அர்த்தம். ஒரு எறும்பைப் பாருங்கள், தலை, மார்பு, வயிறு என்று வெட்டி வெட்டி ஒட்டியது போலத்தானே இருக்கிறது? லத்தீனில் இருந்து வந்த 'இன்செக்ட்'டுக்கும் அதே அர்த்தம்தான். இனிமேல் எங்கள் பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பவே மாட்டார்கள்.

இதனால்தான் எனக்கு அந்த கைடு புத்தகங்களைக் கண்டாலே பிடிக்காது. நூறு 'லஜி', பக்கத்தில் நூறு 'இயல்', உருப்போடு என்று விட்டுவிடுவார்கள். வார்த்தைக்குள் ஒரு பொருள் உட்கார்ந்திருக்கிறது, அதைக் காட்ட வேண்டாமா?

பியூராக்ரஸியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகார வர்க்கம் என்று எழுதிப் போட்டால் எந்தப் பிள்ளைக்கு மனதில் நிற்கும்? 'பியூரோ' என்றால் பிரெஞ்சில் எழுதும் மேசை, அலுவலகம். 'கிரஸி' கிரேக்கத்தில் அதிகாரம். மேசையின் ஆட்சி! அந்த பியூரோதான் இங்கிலீஷ் வழியாக நம் வீட்டுக்கு வந்து பீரோ ஆகி, பட்டுப்புடவையையும் பத்திரத்தையும் பூட்டி வைத்திருக்கிறது. இதைச் சொன்னதும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிப்போய் அவன் வீட்டு பீரோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

பட்ஜெட் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'பூஜெட்' என்றால் சின்னத் தோல் பை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பிறந்தவர்களுக்குத் தோல் பையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தவரும் நம் தமிழர்தான், ஆர்.கே. சண்முகம் செட்டியார். அவர் கையிலும் தோல் பைதான். 2019-இல் நிர்மலா சீதாராமன் அதை விட்டுவிட்டுச் சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார்.

'கேண்டிடேட்' என்றால் வெள்ளை உடுத்தியவர். ரோமில் பதவிக்கு நிற்பவர்கள் சுண்ணாம்புப் பொடி தேய்த்த வெள்ளை உடையில் ஓட்டுக் கேட்பார்கள். நம் ஊர் வேட்பாளரின் வெள்ளை வேட்டி சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. தேர்தலை ஆராயும் படிப்புக்கு 'செஃபாலஜி'. அதில் இருப்பது கூழாங்கல். கிரேக்கர்கள் கல் போட்டு ஓட்டுப் போட்டார்கள், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். அது கல்வெட்டிலேயே இருக்கிறது.

அடடா, முதலில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். அரசாங்கத்தின் மூன்று தூண்கள்! லெஜிஸ்லேச்சர் சட்டமன்றம், லெஜிஸ்லேட்டர் அதில் உட்காருபவர், லெஜிஸ்லேஷன் அவர்கள் போடும் சட்டம். இந்த மூன்று வார்த்தையிலும் இருப்பது லத்தீனில் சட்டத்துக்கான சொல். ஜுடீஷியரி நீதித்துறை. எக்சிகியூட்டிவ்தான் தகராறு. பிள்ளைகளைக் கேட்டால் டை கட்டி பைக்கில் வரும் சேல்ஸ் எக்சிகியூட்டிவ் என்கிறார்கள். நான் பேரூராட்சி ஈ.ஓ.வைக் காட்டினேன். எக்சிகியூட்டிவ் ஆபீசர், அதாவது செயல் அலுவலர். போட்ட சட்டத்தைச் செயலில் காட்டுபவர்.

கலெக்டரும் அப்படித்தான். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் அந்தப் பதவியைக் கொண்டு வந்தது நிலவரி வசூல் செய்வதற்கு. கலெக்ட் செய்பவர் கலெக்டர். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் இதை நினைக்கிறார்கள்? தாத்தாவின் பத்திரத்தில் 'வடஆற்காடு ஜில்லா' என்று இருக்கிறது. 1989-இல் அதிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஜில்லா போய் மாவட்டம் வந்தது, கலெக்டர் போய் ஆட்சியர் வந்தது. ஆட்சியர் எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. ஆனாலும் வீட்டில் அம்மா இன்னும் கலெக்டர் என்றுதான் சொல்கிறார்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறேன். நாணயத்துக்கு நியூமிஸ்மேடிக்ஸ், கல்வெட்டுக்கு எபிகிராஃபி, இரண்டையும் நேரில் பார்த்துப் படிக்கப் போகிறோம். இந்தச் சார்ட்டை இப்போது சுவரில் மாட்ட வேண்டும், ஆணி தேடப் போகிறேன்.