ஏரியைக் காப்பது யார் வேலை?

[காட்சி: உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்]

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் குடவோலை முறைக்காகவே பேசப்படுகின்றன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பது அந்தப் பேச்சில் மறைந்துவிடுகிறது. ஏரியைக் காப்பது ஊர்ச்சபையின் வேலை என்று அன்றே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

[காட்சி: கோடையில் வற்றிய ஏரி, மதகு, வரத்துக்கால்வாய்]

ஊரார் கூடிக் கால்வாயைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்திய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அதை வெறும் பொதுத்தொண்டாகக் கருதுவது தவறு. அள்ளிய வண்டல் உழவரின் வயலுக்கு எருவாயிற்று. மீனும் கரைமரமும் ஊருக்கு வருவாய் தந்தன. மடை திறந்து நீர் பங்கிட்ட நீர்க்கட்டிக்கு மானிய நிலமோ விளைச்சலில் ஒரு பங்கோ கிடைத்தது. அந்த நீர்க்கட்டி பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதையும், தண்ணீரைப் பங்கிட்டவருக்கு ஊர்க்கூட்டத்தில் சம இடம் இருந்ததில்லை என்பதையும் மறந்துவிட்டுப் பழமையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உழைப்பும் பயனும் ஒரே ஊருக்குள் இருந்ததால்தான் அந்த ஏற்பாடு நிலைத்தது.

ஆங்கிலேய ஆட்சி மானியங்கள் பலவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வேலையை மட்டும் ஊராரிடமே விட்டுவைத்தது. அதன்பின் ஆட்கள் வராமல் போனதில் வியப்பில்லை. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி செய்ய வேண்டிய பாசன வேலையைச் செய்ய மறுப்பவர் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்றது.

[காட்சி: தமிழ்நாட்டு வரைபடம்]

தமிழ்நாட்டில் உள்ள ஏறத்தாழ 39,000 ஏரிகளில், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. 2017இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கி, முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆயக்கட்டுதாரர்கள் 10 விழுக்காட்டைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. உழவர் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர்களே வேலை செய்கிறார்கள் என்ற புகார்களும் கூடவே எழுந்தன. பங்கைக் கேட்ட அரசு, மீன்பாசிக் குத்தகையையும் கரைமரத்தையும் பற்றிய முடிவை ஊராரிடம் முழுமையாக ஒப்படைக்கவில்லை என்பதே இத்திட்டத்தின் மீது என் முதல் குறை.

அதற்காக எல்லாவற்றையும் ஊரார் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஏரிக்குள் வீடும் ஆலையும் எழும்பியபின், செல்வாக்குள்ள ஆக்கிரமிப்பாளரை எதிர்த்துப் பத்து உழவர்கள் நின்றுவிட முடியாது; அதற்கென 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தை அரசு அதிகாரிதான் செயல்படுத்த வேண்டும். மேலூர் கால்வாயை அடைத்தால் கீழூர் ஏரி காயும்போது, இரண்டு ஊருக்கும் நடுவில் நின்று பேசவும் அரசுதான் வேண்டும்.

ஐப்பசி அடைமழை இரவில் கரையின் ஓர் எலிவளை வழியே நீர் கசியத் தொடங்கினால், பொறியாளர் வந்து சேரும்வரை கரை தாங்காது. அதை அந்த நேரத்தில் பார்த்து மண் கொட்டி அடைக்கக்கூடியவர், மழையென்றும் பாராமல் கரையைச் சுற்றிவரும் ஊர்க்காரர் ஒருவரே.