ஒற்றைக் காது

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் கடைசியில் நின்றுகொண்டே கேட்கிறவர்களுக்கும் வணக்கம். எனக்கு 10 நிமிடம். அதில் பாதியை வணக்கத்திலேயே கரைத்தவர்களை இப்போதுதான் பார்த்தேன். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

‘பட்ட மனக்காயத்தை ஆற்றுவது காலமா, கேட்கும் காதா?’ இதுதான் தலைப்பு. எனக்குக் காது வந்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, சீட்டுக் குலுக்கியபோது காலம் வந்திருந்தால் இதே குரலில் காலத்துக்கும் பேசியிருப்பேன். ஆனால் எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள், அதைக் கேட்ட பிறகு எனக்கு இந்தப் பக்கம் ரொம்பவே பிடித்துப்போய்விட்டது.

என்ன சொன்னார்? “ஆண்டவன் மனுஷனுக்கு ரெண்டு காது எதுக்குக் கொடுத்தான்? ஒண்ணுல வாங்கி இன்னொண்ணுல விடத்தான். இந்தக் காதை நம்பியா துக்கத்தைச் சொல்லுவீங்க?” என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். பரவாயில்லை, நானும்தான் தட்டினேன். நல்ல நக்கல். ஆனால் தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். அவருக்கு ஒரு காதுதான் கேட்கும். அவரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் என் பெரியப்பா.

பெரியப்பா வந்த பஸ் ஒருநாள் ராத்திரி ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. அவருக்கு மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மறுநாள் காலையிலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார், “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!” பெரியப்பா தலையாட்டினார். அடுத்தவர் வந்தார், உட்கார்ந்தார், மின்விசிறியைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். “என்ன செய்ய, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.” அதற்கும் தலையாட்டினார். அப்புறம் ஒரு தம்பதி. கணவர் “தலைக்கு வந்தது” என்று எடுத்துக்கொடுக்க, மனைவி “தலைப்பாகையோட போச்சு” என்று முடித்தார். வழியிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள் போல. நடுவில் ஒருவர், “இதெல்லாம் ஒரு விபத்தா, எனக்கு நடந்ததைக் கேளுங்க” என்று அரை மணி நேரம் தன் கதையைச் சொன்னார். கடைசியில் பெரியப்பாதான் அவருக்கு ஆறுதல் சொல்லி வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

சாயங்காலம் 17ஆவது ஆள் வந்தார். வாயைத் திறந்து “தலைக்கு” என்றார். பெரியப்பா கையை உயர்த்தினார். “தம்பி, நான் ஜென்மத்துல தலைப்பாகை கட்டினதே இல்லை.”

எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிப் பல வருஷம் சிரித்திருக்கிறோம். நானே எத்தனையோ மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தத் தலைப்பாகையை இங்கேயே ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

வந்தவர்கள் எல்லாரும் போகும்போது ஒன்று சொன்னார்கள், “போகப் போகச் சரியாயிடும்.” சரி, காலம் போனது. மூன்று மாதம் போனது. பெரியப்பா என்ன ஆனார்? பஸ் ஏறமாட்டார். எவ்வளவு தூரமானாலும் நடை. ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டார், உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். தெருவில் யாராவது ஷட்டரைச் சடாரென்று இழுத்தால், இவர் இங்கே நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடியில் விரல் நகமெல்லாம் வெளுத்துப்போகும். சத்தம் நின்று ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், கை மட்டும் விட்டிருக்காது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறார். உலகத்தில் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படி ஒரு கொடுமையைச் சந்திக்கிறார்கள், அதில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் அது நோயாகிறது, அவர்களிலும் 40 சதவீதம் வரை ஓராண்டுக்குள் மீண்டுவிடுகிறார்கள், உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது என்றார். சொல்லியிருக்கிறது, மறுக்கவில்லை. அம்மா, நான் கேட்பது அந்த மிச்சம் 60 பேரைப் பற்றி. அவர்கள் காலண்டரில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நம் மூளைக்குள் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது, பாதாம் பருப்பு அளவில். அதுதான் அபாய மணி. அந்த மணிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. நடந்தது போன வருஷம், இப்போது கேட்டது வெறும் ஷட்டர் என்று அதற்கு எடுத்துச் சொல்லவேண்டியது மூளையின் முன்பகுதி. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடாமல் போகிறது. மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. கோழைத்தனம் இல்லை, நடிப்பும் இல்லை.

முதல் உலகப்போரில் குண்டுச் சத்தத்தில் நடுங்கிப்போன சிப்பாய்களுக்கு ‘ஷெல் ஷாக்’ என்று 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். பாதிப் பேர் அவர்களைக் கோழை என்றார்கள். ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்ற பெயரோடு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது ஏறியது 1980இல். பெயர் வைக்கவே 65 வருஷம்! உங்கள் காலத்தின் வேகம் இதுதான் ஐயா.

சரி, நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவர் குறித்து வைத்துக்கொள்வார். துக்கம் நடந்த கையோடு போய், “சொல்லு, என்ன நடந்தது, எல்லாத்தையும் கொட்டிடு” என்று துருவுவது நல்லதில்லை. அப்படி உடனே உட்காரவைத்து ஒரே அமர்வில் பேசவைத்துப் பார்த்தார்கள், பின்னால் வருகிற நோயை அது தடுக்கவில்லை என்று ஆய்வுகளில் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடும் பேசச் சொல்லி வற்புறுத்தாதே என்றுதான் சொல்கிறது. ஆனால் துருவுவது எது? அது வாய். நான் காதுக்குப் பேச வந்திருக்கிறேன். வாய் செய்த குற்றத்துக்குக் காதைத் திருகாதீர்கள்.

இப்போது அந்த ஒற்றைக் காதுக்காரர். எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா. இடது காது சுத்தமாகக் கேட்காது. தினமும் சாயங்காலம் வந்து பெரியப்பாவுக்கு இடது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார், அப்போதுதான் நல்ல காது இவர் பக்கம் இருக்கும். ஒன்றும் கேட்கமாட்டார். தலைப்பாகையைப் பற்றியும் பேசமாட்டார். பேப்பர் படிப்பார், இருட்டினதும் போய்விடுவார். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, பெரியப்பா தரையைப் பார்த்தபடி முணுமுணுவென்று ஏதோ சொன்னார். தாத்தா பேப்பரை மடித்தார். “தம்பி, கேக்கலை. கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”

பெரியப்பா இன்னொரு தடவை சொன்னார். “அப்புறம்?” என்றார் தாத்தா.

நண்பரே, ஒன்றில் வாங்கி இன்னொன்றில் விடுவார்கள் என்றீர்களே! அவருக்கு இருந்ததே ஒன்று. உள்ளே போனது வெளியே போக வழியே கிடையாது. போனது போனதுதான், அங்கேயேதான் இருந்தது!

அன்றைக்குப் பெரியப்பா சொன்னது இதுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் சீட்டு. காற்று முகத்தில் அடிக்கிறது என்று, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பையனைக் கேட்டு இடம் மாறிக்கொண்டார். அந்தப் பையன் சந்தோஷமாக மாறினான், ஜன்னல் சீட்டாயிற்றே. பஸ் ஜன்னல் பக்கமாகத்தான் சாய்ந்தது.

அத்தனை பேர் வந்து தலைப்பாகை, தலைப்பாகை என்றபோது அந்த மனுஷன் உள்ளுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார்! தாத்தாவிடம் அதைச் சொன்னார். “அண்ணே, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகலை. இன்னொரு தலையோட போச்சு.”

இதை நான் மிகவும் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் அந்தத் தலைப்பாகைக் கதையை மேடையில் சொல்கிறேன்.

தாத்தா என்ன பதில் சொன்னார் தெரியுமா? “உன் தப்பு இல்லை” என்றுகூடச் சொல்லவில்லை. “அந்தப் பையன் என்ன சட்டை போட்டிருந்தான்?” என்று கேட்டார். கட்டம் போட்ட சட்டை என்றார் பெரியப்பா. மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும். காது மந்தமாயிற்றே, சில இடத்தை மூன்று தடவை சத்தம் போட்டுச் சொல்லவேண்டியிருக்கும். முணுமுணுப்பு குரலாயிற்று, குரல் அழுகையாயிற்று. அப்புறம் தாத்தாவே சொன்னார், “தம்பி, எனக்கு ஒரு காதுதான். ரெண்டு காதும் கேக்குற டாக்டர் ஒருத்தரைப் பார்ப்போம். நானும் வர்றேன்.” போனார்கள். அங்கேயும் முதலிலிருந்து கடைசி வரை நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள், ஒதுக்கிவைத்ததை ஒவ்வொன்றாக நெருங்கவைத்தார்கள். அது முறையான சிகிச்சை, படித்தவர்கள் செய்யவேண்டியது. பெரியப்பா வெளியே வந்து, “அண்ணே, நீங்க இதை ஓசியில பண்ணிக்கிட்டிருந்தீங்க” என்றாராம். ஒரு வருஷத்துக்குள் பஸ் ஏறினார். ஜன்னலோரம் இல்லை, ஆனால் ஏறினார்.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். ஐயா, இன்னும் ஒன்றே ஒன்று.

ஒருநாள் பெரியப்பா தாத்தாவைக் கேட்டார், “அண்ணே, உங்களுக்கு அந்தக் காது எப்படிப் போச்சு?” தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். வேலை பார்த்த இடத்தில் பாய்லர் வெடித்தது, காது போனது, கூட நின்ற சிநேகிதன் போனான். 31 வருஷம் ஆயிற்று. அந்த 31 வருஷமும் காலம் அவர் வீட்டுச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. யாருமே கேட்கவில்லை. பெரியப்பா நாற்காலியைத் தூக்கி நல்ல காது பக்கம் போட்டுக்கொண்டு, “அப்புறம்?” என்றார்.

எதிரணித் தலைவரே, உங்கள் நக்கலுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நீங்கள் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். “எங்க அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு, காலம் ஆத்திடுச்சு” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று தண்ணீர் குடித்தீர்கள். குடித்து முடித்ததும் வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நாங்களும் விட்டுவிட்டோம்.

இங்கே மேடையில் வேண்டாம். தீர்ப்பு யாருக்கு வந்தாலும் சரி, கூட்டம் கலைந்த பிறகு நான் பின்பக்கம் அந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். தோன்றினால் வாருங்கள். அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?