அம்புக்குறிக்கு ஆறு தெரியாது: டெல்டாவில் நடக்க எந்த ஜிபிஎஸ், எந்த வரைபடம்?

வணக்கம். காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் நிற்கிறேன். பின்னால் தெரிகிற மதகுகளில்தான் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. ஒன்று வெண்ணாறாகவே போகிறது, ஒன்று கோரையாறு, இன்னொன்று பாமணியாறு. மேட்டூரை மூடி ஒரு மாதம் ஆகிவிட்டது, அதனால் மதகில் இரைச்சல் இல்லை. ஆனி ஆடியில் இங்கே நின்று பேசினால் நான் பேசுவது எனக்கே கேட்காது.

போன வீடியோவில் என் கழுத்தில் தொங்கிய கறுப்பு டப்பா என்ன, அதை வாங்கலாமா, எந்த மேப் போடுவது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். இன்றைக்குப் பாமணியாற்றுக் கரையோடு மன்னார்குடி வரை நடக்கப் போகிறேன். கிளம்புவதற்கு முன்னால் அதைப் பேசிவிடலாம்.

முதலில் ஒன்று. உங்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கருவி தேவையே இல்லை, கையில் இருக்கும் போன் போதும். டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வருகிற சிக்னலுக்கும் டவருக்கும் சம்பந்தமில்லை. டவர் இருந்தால் முதல் தடவை இடத்தைப் பிடிப்பது சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான். டவர் போனதும் காணாமல் போவது மேப் படம். அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் முடிந்தது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் என்ற இரண்டு செயலிகளுமே அப்படி ஆஃப்லைனில் ஓடும்.

அப்படியானால் நான் ஏன் தனியாக வாங்கினேன்? போன வருஷம் சித்திரையில் கோடியக்கரைப் பக்கம் பதினொரு மணி வெயிலில் போன் சூடாகி, தானே அணைந்துவிட்டது. திரும்பப் போட்டால் திரையில் என் முகம்தான் தெரிந்தது. வியர்த்த விரலுக்குத் தொடுதிரை மசியவும் இல்லை. இதோ, இந்த டப்பாவைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ். திரை 2.2 அங்குலம்தான், பழைய பட்டன் போன் மாதிரி இருக்கிறது. ஆனால் வெயில் நேராக விழுந்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது, கவனியுங்கள். ஓரத்தில் பட்டன், முகப்பில் ஒரு சின்னக் குச்சி. சேற்றுக் கையோடும் அழுத்தலாம். பின்மூடியைத் திறந்தால் இரண்டு பென்சில் பேட்டரி. கம்பெனிக் கணக்கில் 25 மணி நேரம் வரும். தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பேட்டரியில் நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரீசார்ஜ் செய்கிற பேட்டரி போட்டேன். செட்டிங்கில் பேட்டரி வகை அல்கலைன் என்றே இருந்தது. அல்கலைனுக்கு 1.5 வோல்ட், இதற்கு 1.2. கருவி என்ன செய்யும்? சார்ஜ் தீரப் போகிறது என்று காலையிலிருந்தே கத்தியது. நானும் நம்பிப் பாதி நடையில் பஸ் ஏறி வீடு திரும்பினேன். பேட்டரியில் நிறையவே மிச்சம் இருந்தது. மெனுவில் ஒரே ஒரு வரி, அதை மாற்றினால் போதும்.

சரி, மாடல்கள். மலை ஏறுகிறவர்கள் போடும் வீடியோவைப் பார்த்து டெல்டாக்காரர் வாங்கக் கூடாது. இதற்கு அண்ணன் 32எக்ஸ். அதில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் பாரோமீட்டரும், நின்ற இடத்திலேயே திசை காட்டும் காம்பஸும் உண்டு. உயரம் நமக்கு எதற்கு? தஞ்சாவூரே கடல் மட்டத்துக்கு 60 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. அங்கிருந்து கடல் வரைக்கும் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக மேப்பில் உயரக் கோடு போட்டால் மூன்று கோடு வருமா? கோடியக்கரைக் காட்டிலேயே உயரமான இடம் ராமர் பாதம். அது 4 மீட்டர். ஜிபிஎஸ் உயரம் காட்டும்போது வருகிற பிழையே அதைவிடப் பெரியது.

காம்பஸ் கதை வேறு, அது இங்கே உதவும். 22எக்ஸில் நீங்கள் நடந்தால்தான் அம்பு சரியான பக்கம் திரும்பும். நான்கு வாய்க்கால் கூடுகிற இடத்தில் நின்று யோசிக்கும்போது அது எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்கும். நான் அதற்கு ஒரு சாதாரணக் கைக் காம்பஸை வைத்துச் சமாளிக்கிறேன். நம் பக்கத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், கணக்குப் போட வேண்டியதில்லை.

பேட்டரி ஒரு வாரம் வரும் என்கிற இட்ரெக்ஸ் எஸ்இ மாடலைப் பற்றிக் கேட்டவருக்கு: அதில் மேப் கிடையாது. அம்பும் தூரமும் மட்டும். டெல்டாவில் அது வேலைக்கு ஆகாது. ஏன் என்று வருகிறேன். கார்மினிலேயே ஜிபிஎஸ்மேப் 65 என்ற மாடல் இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்குகிறது. மலை இடுக்கிலும் உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் அது தேவைப்படும். நமக்கு மேலே முழு வானமும் திறந்து கிடக்கிறது. இப்போது பாருங்கள், இந்தப் புங்கமரத்தடியிலேயே 4 மீட்டர் துல்லியம் காட்டுகிறது. அப்புறம், செயற்கைக்கோள் வழியே மெசேஜ் அனுப்பும் இன்ரீச் வகையறா. வெளிநாட்டில் இருக்கிற தம்பி வாங்கி வருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் நம் நாட்டில் அதை வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது மேப்புக்கு வருவோம். கருவியைவிட இதுதான் முக்கியம்.

ஐப்பசி முடிகிற சமயம், மன்னார்குடிக்குத் தெற்கே இதே பாமணியாற்றுக் கரையில் வந்துகொண்டிருந்தேன். மணி ஐந்தே கால், மழை மூட்டம். போக வேண்டிய பஸ் நிறுத்தத்தைக் குறித்து வைத்திருந்தேன். அம்பைத் தட்டினேன், 380 மீட்டர் என்றது. ஆகா, கூப்பிடு தூரம்தான் என்று டீ குடிக்கிற கனவில் நடந்தேன். அம்பு நேராக ஆற்றைக் காட்டியது. கரை தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. மேப்பைப் பார்த்தால் கொஞ்ச தூரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு, நடைப்பாலம். போனேன். இரண்டு மரத்தூண் மட்டும் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு நின்றது. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அது கஜாவோட போச்சு தம்பி” என்றார். கஜா புயல் வந்தது 2018 நவம்பரில். மேப்பில் அந்தப் பாலம் அத்தனை வருஷமும் நின்றுகொண்டுதான் இருந்தது. திரும்பி வந்த வழியே நடந்து, தார்ச்சாலைப் பாலத்தில் ஏறி, அந்த நிறுத்தத்தைத் தொடும்போது மணி ஏழு. 380 மீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்.

மேப் இல்லாத கருவி வேண்டாம் என்றது இதனால்தான். மேப் இருந்தும் இந்தக் கதி என்றால், வெறும் அம்பை நம்பி என்ன செய்வது? காட்டிலும் மலையிலும் நேர்கோட்டில் போக முடியாவிட்டாலும் சுற்றிக்கொண்டு போய்விடலாம். இங்கே பாசன வாய்க்கால், வடிகால், கொப்பு வாய்க்கால் என்று கோடு கோடாகக் குறுக்கே நிற்கும். மேப்பில் நான் முதலில் தேடுவது பாதையை இல்லை, மதகையும் பாலத்தையும்தான்.

கருவியோடு வருகிற மேப்பில் பெரிய சாலைகளைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள். நான் போட்டிருப்பது, யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த இலவச மேப். கணினியில் இறக்கி, கருவிக்குள் போகும் மெமரி கார்டில் போட்டால் போதும். சில ஊர்களில் வாய்க்கால் கூடத் துல்லியமாக இருக்கும், பக்கத்து ஊரில் ஒன்றுமே இருக்காது. யாராவது உட்கார்ந்து வரைந்திருந்தால்தான் உண்டு. அந்த நடைப்பாலத்தை அன்று இரவே நான் எடுத்துவிட்டேன். நீங்களும் எடுக்கலாம், சேர்க்கலாம்.

இன்னொரு தொல்லை ஊர்ப் பெயர். இந்தக் கருவியில் தமிழில் அடிக்க வழியில்லை. திருத்துறைப்பூண்டியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவோம். மேப் வரைந்தவர் பதினோராவது விதம். பெயர் போட்டுத் தேடாதீர்கள், வீட்டிலேயே புள்ளி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அரசின் நில அளவை நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட், அதாவது நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள். 1767-ல் தொடங்கிய நிறுவனம், தலைமை அலுவலகம் டேராடூனில். 50,000-க்கு ஒன்று என்ற அளவு, அதாவது தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஆறும் ஏரியும் கோயிலும் அழகாக இருக்கும். 2005-ல் வந்த வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. அது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் இருக்கிறது, அதாவது பூமியில் ஓர் இடத்துக்கு எண் கொடுக்கிற முறை. பழைய ஷீட்டில்தான் வில்லங்கம். அது எவரெஸ்ட் என்ற பழைய கணக்கு. தெரிந்த ஒருவர் கொடுத்த பழைய ஷீட் ஜெராக்ஸிலிருந்து ஒரு மதகின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்து அப்படியே அடித்தேன். போய்ப் பார்த்தால் நடு வயலில் நிற்கிறேன். மதகு இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தக் கணக்கைத்தான் செட்டிங்கில் டேட்டம் என்று போட்டிருக்கும், தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

எண்களை அடிக்கும்போது இன்னொன்று. 10.5 டிகிரி என்றால் 10 டிகிரி 30 நிமிடம். அதை 10 டிகிரி 50 நிமிடம் என்று அடித்தால் 37 கிலோமீட்டர் வடக்கே போய்விடுவீர்கள். மன்னார்குடிக்குப் போகிறவர் கும்பகோணத்தைத் தாண்டிவிடலாம்.

கிராம வரைபடத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. சர்வே எண் போட்ட அந்த வரைபடத்தில் எது வண்டிப்பாதை, எது வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும். யாருடைய வரப்பிலாவது ஏறி நின்று திட்டு வாங்காமல் இருக்க அது உதவுகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கு எந்த மேப்பும் வேண்டாம். அங்கே நடை கிடையாது, வனத்துறை அனுமதியும் படகும்தான்.

ஒரு நிமிஷம், ஐயா ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன தம்பி, அளக்குறீங்களா?”

“அளக்கலைங்க ஐயா, நடக்கறதுக்கு வழி பாக்குறேன்.”

“மீத்தேன் கீத்தேன் இல்லையே?”

“சத்தியமா இல்லைங்க. மன்னார்குடிக்கு நடந்து போறேன்.”

“நடந்தா? பஸ்ஸு இருக்கே.” சிரிக்கிறார். “சரி, கீழக்கரையோட போங்க. மேலக்கரையில ரெண்டாவது மதகு தாண்டினா ஒரே கருவமுள்ளு, ஆடு கூட நுழையாது.”

கேட்டீர்களா? இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒரு தடவை வரும். வயலில் கருவியோடு நிற்கிறவனைப் பார்த்தால் இங்கே சந்தேகம் வரத்தான் செய்யும். எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அளக்க வந்தவர்களைப் பார்த்த ஊர்கள் இவை. 2020-ல் இங்கே புதிய எண்ணெய், எரிவாயு வேலைகளுக்குத் தடை போட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதனால் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காமல், யாரையாவது பார்த்ததும் நானே போய் வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

மேப்பைக் கொண்டு வருகிறேன், பாருங்கள். மேலக்கரையில் பாதை போட்டிருக்கிறது. கீழக்கரையில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. ஐயா சொன்ன பக்கமே இறங்குகிறேன். டிராக் பதிவை ஆன் செய்துவிட்டேன், வந்த வழியே திரும்ப வேண்டியிருந்தால் அது காட்டும். கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். தண்ணீர் உள்ளே புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், ஆனால் இது மிதக்காது. கேமராவை இப்போது அணைக்கிறேன். இரண்டாவது மதகில் திரும்பப் போடுகிறேன், எதிர்க்கரையில் முள் நிஜமாகவே அப்படி அடர்ந்து இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.