பட்டவளுக்கே தெரியவில்லையே!

நடுவர் அவர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம். சமூகப் பிரச்சினைகளைப் புரியவைப்பது பட்டறிவா, படிப்பறிவா? படிப்பறிவே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். "2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்ம குமரி. அப்படியும் இங்கே பெண்டாட்டியை அடிக்கிற கையில் டிகிரி இருக்கிறது. படிப்பு என்னத்தைக் கிழித்தது?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, அடிக்கிறவன் என்ன படித்தான் என்று கேட்டீர்கள். அடிபட்டவள் என்ன படித்தாள் என்று கேட்டீர்களா?

எங்கள் பக்கத்து வீட்டு மைனிக்குக் கல்யாணமாகி 16 வருஷம். காலையில் கிணற்றடியில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருக்கும். "என்ன மைனி?" "கதவு இடிச்சிட்டு மக்களே." அடுத்த மாசம் கையில் கட்டு. "படி வழுக்கிட்டு மக்களே." 16 வருஷமும் அந்தக் கதவும் படியும்தான் பழி சுமந்தன. பட்டால் தெரியும் என்கிறீர்களே, மைனியைவிடப் பட்டவர் யார்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'என் தலையெழுத்து' என்பதுதான்.

அவர் மகள் 9ஆம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு வக்கீலம்மா வந்து பேசியதை ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ராத்திரி சோறு பொங்கும்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நான் அங்கேதான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். 2005இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அடிப்பது மட்டுமல்ல, கேவலமாகத் திட்டுவதும் குடும்ப வன்முறை, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் குடும்ப வன்முறை. மைனி அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். "எங்க, இன்னொருக்க வாசி." வாசித்தாள். "பைசா தராம இருக்கதுமா?" "ஆமாம்மா." "வீட்ட விட்டு இறங்குன்னு சொன்னா?" மகள் விரலை வைத்து அடுத்த வரியை வாசித்தாள்: வீடு யார் பெயரில் இருந்தாலும், வாழ்கிற வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். சோறு அடிப்பிடித்த வாசம் வந்தபிறகுதான் அடுப்பு ஞாபகமே வந்தது.

குளத்துக்கும் இதே கதைதான். தேரூர்க் குளத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். பார்த்துக்கொண்டேதான் வயலை வாழைத்தோப்பாக்கினோம், தோப்பை பிளாட் போட்டோம். 2022இல் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய செய்தியைப் படித்துவிட்டுத்தான், அங்கே வருகிற பறவை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று என் மகன் கேட்டான்.

சரி, மணி அடிக்கப் போகிறார் நடுவர். ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அந்த 16 வருஷமும் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். சத்தம் கேட்டால் டிவியைக் கூட்டி வைத்தேன். அடுத்த வீட்டு விஷயம் என்று நினைத்தேன். அடிபட்டவள்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, தெரிந்த யாரும் அந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம் என்பதும் அந்த நோட்டில்தான் இருந்தது. அதைக் கேட்டபோது மைனியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டது நான்தான். நம்பரை அழுத்தும்போது மைனி என் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த நோட்டுத் தாளை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.